எண் பிறந்த ஊர்

திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் பேருந்து சந்திரகிரிக் கோட்டையைக் கடந்து சற்று நேரத்தில் காதங்கிச் சுங்கச்சாவடியை நெருங்கும். சுற்றிலும் குன்றுகள், மாந்தோப்புகள், நிலக்கடலைக் கொல்லைகள். அந்தக் குன்றுகளுக்கு நடுவே, சாலையில் போகிற பலர் கண்ணில் படாத ஒரு திடல் இருக்கிறது. தூர்தர்ஷன் மட்டுமே இருந்த காலத்தில் நம் மொட்டை மாடிகளில் நட்டு வைத்தோமே, அந்த யாகி ஆண்டெனாவின் உறவுகள் அங்கே நாற்று நட்டாற்போல் வரிசையாக நிற்கின்றன. வரிசைக்கு 32, வரிசைகளும் 32, மொத்தம் 1024. பக்கத்துக்கு 130 மீட்டர், ஏறக்குறைய நாலு ஏக்கர். எல்லாம் வானத்தைப் பார்த்தபடி.

இதுதான் காதங்கியின் எம்.எஸ்.டி. ரேடார். மீசோஸ்பியர், ஸ்ட்ராட்டோஸ்பியர், ட்ரோபோஸ்பியர் என்ற மூன்று வளி அடுக்குகளின் முதலெழுத்துகளால் ஆன பெயர். 1990களின் தொடக்கத்தில் தேசிய எம்.எஸ்.டி. ரேடார் மையமாகத் தொடங்கிய இந்த இடம், 2005 செப்டம்பரில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் என்று பெயர் மாறி, மத்திய விண்வெளித் துறையின் கீழ் இயங்குகிறது. விமானத்தைத் தேடும் ரேடார்கள் உண்டு, மழைமேகத்தைத் தேடும் ரேடார்கள் உண்டு. இது தெளிந்த வானத்தில் வெறுங்காற்றின் ஓட்டத்தை அளக்கிறது.

வெறுங்காற்றிலிருந்து எதிரொலி எப்படி வரும்? காற்று ஒருபோதும் சீராக இருப்பதில்லை. வெப்பமும் ஈரமும் இடத்துக்கு இடம் மாறுவதால் சுழிகளும் மடிப்புகளும் அதில் இருந்துகொண்டே இருக்கும். ரேடார் அனுப்பும் அலையின் அதிர்வெண் 53 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 5.66 மீட்டர். அதில் பாதி அளவுள்ள, அதாவது 2.8 மீட்டர் அளவுள்ள காற்று மடிப்புகள் அலையில் துளியிலும் துளியைத் திருப்பி அனுப்புகின்றன. தொடக்க காலத்தில் 2.5 மெகாவாட் வரை உச்ச ஆற்றலோடு அனுப்பினார்கள். இப்போது ஒவ்வோர் ஆண்டெனாவுக்கும் தனியாக 1 கிலோவாட் கருவி உண்டு. அத்தனை ஆற்றலை அனுப்பியும், திரும்பி வருவது விண்மீன் கூட்டத்திலிருந்து ஓயாமல் வந்துகொண்டிருக்கும் ரேடியோ இரைச்சலைவிடப் பல நேரங்களில் மெலிந்தது. அந்த மெலிந்த முனகலிலிருந்து “16 கிலோமீட்டர் உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து இந்த வேகத்தில் வீசுகிறது” என்ற வாக்கியத்தை எடுப்பது யார்? புள்ளியியலும் கணினியும் தெரிந்த ஒருவர். இந்த அத்தியாயம் அவருடைய வேலையைப் பற்றியது.

அந்த வேலைக்குத் தமிழில் நிலைத்த பெயர் இன்னும் இல்லை. வீட்டில் உறவினர் கேட்டால் “கம்ப்யூட்டரில் வேலை” என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். சூழலியல் தரவு ஆய்வாளர் என்று நான் எழுதுகிறேன்.

அவர் வேலையின் முதல் படி கூட்டல். காதங்கியில் வழக்கமான ஓர் அளவீட்டில் மில்லிநொடிக்கு ஒரு துடிப்பு மேலே போகிறது. 64 துடிப்புகளின் எதிரொலிகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கூட்டுகிறார்கள். திருமலையில் தரிசனத்துக்குக் காத்திருக்கும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர் ஆளுக்கொரு கதை பேசும்போது வெளியே நிற்பவர் காதில் விழுவது வெறும் இரைச்சல். யாரோ ஒருவர் எடுத்துக்கொடுக்க, எல்லோரும் ஒரே நொடியில் “கோவிந்தா” என்றால் அந்தச் சொல் மட்டும் மலைக்கு எட்டும். எதிரொலி அந்தக் கோவிந்தாவைப்போல: 64 முறை கூட்டினால் 64 மடங்காகும். இரைச்சல் ஊர்க்கதையைப்போல: ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, 64-இன் வர்க்கமூலமான 8 மடங்குதான் வளரும். இப்படிக் கூட்டுவதற்குள் ஒரு நம்பிக்கை அடங்கியிருக்கிறது. அந்த 64 மில்லிநொடிக்குள் காற்று தன் போக்கை மாற்றிக்கொள்ளாது என்பதே அது. அதைச் சொல்வது இயற்பியல். கணக்கு அதன் தோளில் ஏறி நிற்கிறது.

அப்படிக் கூட்டிய எண்கள் 512 சேர்ந்ததும் அவற்றை அதிர்வெண்களாகப் பிரிக்கிறார்கள். ஆக 32,768 துடிப்புகள், 33 நொடிக்குச் சற்றுக் குறைவான நேரம். பிரிக்கும் முறையை 1965-இல் கணினிக்கு ஏற்றபடி வகுத்துத் தந்தவர்கள் ஜேம்ஸ் கூலி, ஜான் டூக்கி. டூக்கி இருபதாம் நூற்றாண்டின் பெரிய புள்ளியியலாளர்களில் ஒருவர். அவர்கள் தந்த வழி இல்லாவிட்டால் காதங்கியின் ஒரு நாள் வேலையைக் கணக்கிட அந்தக் காலக் கணினிகளுக்குப் பல நாள் ஆகியிருக்கும்.

பிரித்த பிறகு திரையில் தெரிவது ஒரு மலைத்தொடர் மாதிரியான கோடு. எது எதிரொலி, எது இரைச்சல்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஓர் உத்தி வருகிறது. 1974-இல் ஹில்டபிராண்ட், சேக்கோன் என்ற இருவர் வெளியிட்டது. வெறும் இரைச்சலுக்கு ஒரு குணம் உண்டு: அதன் ஆற்றல் அளவுகளின் விலக்க வர்க்கச் சராசரி, சராசரியின் வர்க்கத்துக்குச் சமமாக இருக்கும். ஆகவே கோட்டில் உள்ள புள்ளிகளைச் சிறியதிலிருந்து பெரியது வரை அடுக்குங்கள். பெரிய புள்ளிகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வாருங்கள். மிஞ்சியவை அந்தக் குணத்துக்குப் பொருந்தும் நொடியில் நிறுத்துங்கள். மிஞ்சியதுதான் இரைச்சல், அதன் சராசரிதான் இரைச்சலின் மட்டம். எதிரொலி எப்படி இருக்கும் என்று முன்கூட்டித் தெரிய வேண்டியதில்லை. இரைச்சல் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் போதும். உமியின் எடை தெரிந்தவள் முறத்தில் அரிசியைப் பிரிப்பதுபோல.

பிறகு மீதி எளிது. இரைச்சல் மட்டத்துக்கு மேலே நிற்கும் மேட்டின் பரப்பு எதிரொலியின் வலிமை. மேட்டின் சராசரி இடம் காற்றின் வேகம். மேட்டின் அகலம், அதாவது திட்டவிலக்கம், அந்த உயரத்தில் காற்று எவ்வளவு குழம்பிக் கிடக்கிறது என்பதன் அடையாளம். பத்தாம் வகுப்பில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த சராசரியும் திட்டவிலக்கமும் இங்கே தலைக்கு மேல் வீசும் காற்றாகின்றன.

இதிலும் ஒரு விலை உண்டு. ரேடார் கிடைக்காற்றை நேராகப் பார்க்க முடியாது. கதிரைக் கிழக்கே 10 பாகை, மேற்கே 10 பாகை சாய்த்து, இரண்டிலும் தெரியும் வேகங்களின் வித்தியாசத்திலிருந்துதான் கிடைக்காற்றைக் கணக்கிடுகிறார்கள். நொடிக்கு 30 மீட்டர் வேகக் காற்று, சாய்ந்த கதிரில் சுமார் 5 மீட்டராகத்தான் தெரியும். அதைத் திரும்பப் பெருக்கும்போது பிழையும் சேர்ந்து பெருகும். இரண்டு கதிர்களைப் பயன்படுத்தினாலும் கதிரில் உள்ள தற்செயல் பிழை, கிடைக்காற்றில் நாலு மடங்காகிவிடும். ஆகவே காதங்கியிலிருந்து வரும் ஒவ்வொரு காற்று வேகமும் ஓர் ஐயத்தைத் தோளில் சுமந்துகொண்டுதான் வருகிறது. அந்த ஐயத்தின் அளவைச் சேர்த்துச் சொல்பவரே இந்தத் தொழிலுக்கு உரியவர். எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு எழுந்து போகிறவரை நான் நம்பமாட்டேன்.

இவ்வளவு பாடுபட்டு அளப்பது எதற்கு? ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் தலைக்கு மேல் சுமார் 16 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து ஓர் ஆறு ஓடுகிறது, காற்றாறு. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று (ஜெட்) என்பது அதன் பெயர். பி. கோடீஸ்வரம் என்ற இந்திய வானிலையாளர் 1958-இல் அதை உலகுக்கு விளக்கினார். நம் தென்மேற்குப் பருவமழையோடு பின்னிப் பிணைந்த அந்தக் காற்றைக் காதங்கி ரேடார் இருந்த இடத்திலேயே நின்று பார்க்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவும் இங்கிருந்து வெகுதூரம் இல்லை. 2022 மாவட்டப் பிரிப்பில் அது திருப்பதி மாவட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. ராக்கெட் ஏறும் நாளில் மேல்காற்று எப்படி இருக்கும் என்பதற்கான கணினி முன்கணிப்புகளைக் காதங்கி ஆய்வாளர்கள் தருகிறார்கள். அவர்கள் எண்ணுக்கு அன்றைக்கே பரீட்சை.

இந்தத் தொழிலின் மூதாதை ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கில்பர்ட் வாக்கர், கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றவர். வானிலை படிக்காதவர். 1904-இல் இந்திய வானிலைத் துறையின் தலைமையை ஏற்றார். 1877, 1899 ஆண்டுகளில் மழை பொய்த்து மக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்த நினைவு ஆறாத காலம். பருவமழையை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பதே அவர்முன் இருந்த கேள்வி. கணினி இல்லை. துறையின் இந்திய எழுத்தர்கள் கையால் கணக்குப் போட்டார்கள். உலகின் பல மூலைகளின் காற்றழுத்தம், வெப்பம், மழை, ஆற்றுப் பெருக்கு என்று எதற்கும் எதற்கும் ஒட்டுறவு இருக்கிறதா என்று ஆண்டுக்கணக்காகத் தேடினார்கள். அந்தத் தேடலில்தான் பசிபிக் கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையே ஊஞ்சல்போல் ஆடும் காற்றழுத்தம் புலப்பட்டது. 1924-இல் அவர் அதற்குத் தெற்கத்திய அலைவு என்று பெயர் வைத்தார். இன்று நாளிதழில் எல் நினோ என்று படிக்கிறோமே, அதன் மறுபாதி அது. அந்த எழுத்தர்களில் பெரும்பாலோரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு வருத்தம்.

வாக்கரை நான் மதிப்பது கண்டுபிடிப்புக்காக மட்டும் இல்லை. ஆயிரம் இடங்களில் தேடினால் எங்கேயாவது ஓர் உறவு தற்செயலாகத் தட்டுப்படும் என்பதை அவரே உணர்ந்து, 1914-இல் அதற்கு ஒரு சோதனை வகுத்தார். ஒரு தேடலில் ஏமாறும் நிகழ்தகவு 5 சதவீதம் என்று வைப்போம். தனித்தனியாக 20 இடங்களில் தேடினால் ஒரு முறையாவது ஏமாறும் நிகழ்தகவு 64 சதவீதம். இன்று ஒரு மடிக்கணினி நிமிடத்துக்கு லட்சம் ஒட்டுறவுகளைப் போடும். அத்தனை முறை ஏமாறவும் அது தயார்.

இன்னொரு பொறி, சூழல் தரவுக்கே உரியது. நேற்று திருப்பதியில் 41 பாகை வெயில் என்றால் இன்றும் 40, 41, 42-ஐ ஒட்டித்தான் இருக்கும். அடுத்தடுத்த நாட்கள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிக்கொள்பவை. நூறு நாள் அளவு கையில் இருக்கிறது என்று மாணவர் மகிழ்வார். அடுத்தடுத்த நாட்களுக்கு இடையிலான ஒட்டுறவு 0.9 என்றால், சராசரியைக் கணிக்க அந்த நூறு நாளும் வெறும் ஐந்து சார்பற்ற அளவுகளுக்குத்தான் சமம். ஒரே வீட்டு வாசலில் நூறு முறை கேட்டுவிட்டு ஊரையே விசாரித்தேன் என்று சொன்னால் பஞ்சாயத்தில் ஏற்பார்களா? இந்தப் பிழை பழைய பிழை. புதிய வேடத்திலும் வருகிறது. இயந்திரக் கற்றலில் தரவைக் கலைத்துப் போட்டு, முக்கால் பங்கில் பயிற்சி, கால் பங்கில் சோதனை என்று பிரிப்பது வழக்கம். மழைத் தரவை அப்படிக் கலைத்தால் 17-ஆம் தேதி பயிற்சிக்கும் 18-ஆம் தேதி சோதனைக்கும் போகும். விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிய தேர்வு அது. மதிப்பெண் 98 வரும், அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் மாதிரி விழுந்துவிடும். முழு ஆண்டுகளை ஒதுக்கி வைத்துச் சோதித்தால் மதிப்பெண் குறையும். அந்தக் குறைந்த மதிப்பெண்தான் உண்மை.

2021 நவம்பருக்கு வருவோம். 18-ஆம் தேதி வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 19-ஆம் தேதி அதிகாலை அது சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. திருமலை மலைப்பாதைகளில் மண் சரிந்தது, அலிபிரி படிக்கட்டில் அருவிபோல் தண்ணீர் இறங்கியது, திருப்பதித் தெருக்களில் வெள்ளம், ஸ்வர்ணமுகி ஆறு கரைபுரண்டது. இந்த மழையைப் பற்றி ஆய்வு செய்ய உட்காரும் மாணவர் முதலில் இடறுவது தேதியில். இந்திய வானிலைத் துறை காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்க்கிறது. 18-ஆம் தேதி பகலும் இரவும் கொட்டிய மழை, 19-ஆம் தேதிக் கணக்கில்தான் ஏறும். செயற்கைக்கோள் வழி வரும் அன்றாட மழைத் தரவில் ஒரு நாள் என்பது பெரும்பாலும் உலகப் பொது நேரப்படி, நமக்குக் காலை 5.30 முதல் மறுநாள் 5.30 வரை. அதற்கு 18 என்று தேதியிடுவார்கள். இரண்டையும் அப்படியே பொருத்தினால் ஒரே மழை இரண்டு நாளாகத் தெரியும். “செயற்கைக்கோள் ஒரு நாள் முன்பே கண்டுபிடித்துவிடுகிறது” என்று ஒரு பொய் முடிவு பிறக்கும். கணினி எந்த எச்சரிக்கையும் தராது. எட்டரை மணிக்கு யாரோ ஒருவர் மானியைத் திறக்கிறார் என்று தெரிந்தவருக்கே இந்தப் பிழை கண்ணில் படும்.

அடுத்தது, “நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழை” என்ற சொல். கேட்டவர்கள் இனி நூறு ஆண்டுக்குக் கவலை இல்லை என்று வீடு கட்டிவிடுகிறார்கள். அதன் பொருள், எந்த ஓர் ஆண்டிலும் அது வரும் நிகழ்தகவு நூற்றில் ஒன்று என்பதே. 30 ஆண்டு வீட்டுக் கடன் கட்டும் காலத்தில் ஒரு முறையாவது அது வரும் நிகழ்தகவு 26 சதவீதம். இந்தக் கணக்குக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் எமில் கும்பல் என்ற ஜெர்மானியர். வெள்ளங்களை எண்ணுவதற்கு முன்பு, 1920களில் தன் நாட்டில் நடந்த அரசியல் கொலைகளை எண்ணி, கொலைகாரர்கள் தண்டனையின்றித் தப்பியதைப் புத்தகமாக வெளியிட்டார். அதற்காக நாஜிகளின் பகையைச் சம்பாதித்து, வேலையையும் நாட்டையும் இழந்தார். அரிதானவற்றை எண்ணுவது துணிச்சல் வேண்டும் வேலை என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

ஆனால் ஏரிகளின் ஊரில் கும்பலின் கணக்கு மட்டும் போதாது. சித்தூர்ச் சீமையில் ஏரியைச் செருவு என்பார்கள். மேலே ஒரு செருவு, அதன் கலங்கு வழியும் தண்ணீர் கீழே இன்னொரு செருவுக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு. இரண்டு ஏரிகள் ஒவ்வொன்றும் ஓர் ஆண்டில் உடையும் நிகழ்தகவு நூற்றில் ஒன்று என்று வைப்போம். சார்பற்றவை என்று கருதிப் பெருக்கினால் இரண்டும் ஒரே ஆண்டில் உடைவது பத்தாயிரத்தில் ஒன்று. மேலது உடைந்தால் கீழதும் உடைந்தே தீரும் என்றால்? நூற்றில் ஒன்று. நூறு மடங்கு வேறுபாடு, “சார்பற்றவை” என்ற ஒரு சொல்லில் ஒளிந்திருக்கிறது. இது ஏட்டுக் கணக்கு இல்லை. அதே 2021 நவம்பரில் பக்கத்துக் கடப்பை மாவட்டத்தில் பிஞ்சா அணையின் கரை முதலில் போனது. அந்த வெள்ளமும் சேர்ந்துகொள்ள, 19-ஆம் தேதி செய்யேறு ஆற்றின் அன்னமய்யா அணையின் மண்கரை அடித்துச் செல்லப்பட்டது. கீழே இருந்த ஊர்களில் பலர் உயிரிழந்தார்கள். திருப்பதிக்கு அருகே ராயலசெருவின் கரையிலும் கசிவு கண்டு கீழூர் மக்களை வெளியேற்றினார்கள். அந்த ஏரி தாங்கிவிட்டது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது அயலூர்ச் செய்தி ஆகாது. சித்தூர்ச் சீமையில் பெய்யும் மழை பாலாற்றிலும் ஆரணியாற்றிலும் கொசஸ்தலையாற்றிலும் நம்மிடம்தான் வருகிறது. பிச்சாட்டூர் ஏரி திறந்தால் ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் மூழ்கும். கிருஷ்ணாபுரம் அணை திறந்தால் பள்ளிப்பட்டு பார்க்கும், பூண்டி பார்க்கும். மாநில எல்லை 1960-இல் திருத்தி வரையப்பட்டது. தண்ணீர் அதைப் படிக்கவில்லை. இரண்டு பக்கத்துத் தரவும் ஒரே கணினியில் ஒரே வடிவத்தில், மணிக்கு மணி சேர வேண்டும். இதைச் செய்யும் பிள்ளைகள்தான் நமக்கு இப்போது அதிகம் தேவை.

வெள்ளத்தின் முன்னால் புள்ளியியல் நிமிர்ந்து நின்ற கதை நம் நாட்டிலேயே உண்டு. 1922-இல் வடவங்கத்தில் வெள்ளம் வந்தபோது, தண்ணீரைத் தேக்கி வைக்கப் பெரும் செலவில் தேக்கங்கள் கட்ட வேண்டும் என்றார்கள் பொறியாளர்கள். பிரசாந்த சந்திர மகலநோபிஸ் பல பத்தாண்டு மழைப் பதிவுகளை எடுத்துக் கணக்கிட்டு, தேக்கம் பயன்படாது, விரைவாக வடியவிடுவதே வழி என்று காட்டினார். 1926-இல் ஒடிசாவின் பிராமணி ஆற்றில் வெள்ளம். ஆற்றுப்படுகை உயர்ந்துவிட்டது, கரையை உயர்த்த வேண்டும் என்றார்கள். படுகை உயரவே இல்லை என்று அவர் பதிவுகளைக் கொண்டு நிறுவினார். இந்தியப் புள்ளியியல் கழகம் தொடங்கியது 1931-இல். அதற்கு முன்பே அதன் நிறுவனர் ஆற்றங்கரையில் நின்றவர்.

விரும்பிய விடை வராதபோதும் அதை அப்படியே சொல்வது இந்தத் தொழிலின் ஒழுக்கம். 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. புவி வெப்பமானதுதான் காரணம் என்று உலகமே சொன்னது. பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து செய்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு, அந்த ஒருநாள் மழையில் வெப்பமாதலின் தடத்தைப் பிரித்துக் காட்ட முடியவில்லை என்றது. காற்று 1 பாகை சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும் என்ற இயற்பியல் அவர்களுக்கும் தெரியும். இருந்தும், தங்கள் தரவு எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவோடு நின்றார்கள். அதனால்தான் இதே முறையைக் கையாளும் ஆய்வாளர்கள் வேறொரு வெள்ளத்தில் “தடம் தெரிகிறது” என்று சொன்னால் நான் நம்புகிறேன்.

இடத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலில் எல்லாம் இடத்தில்தான் முடிகிறது. வானிலைத் துறை 1901 முதலான அன்றாட மழையை நாடு முழுக்கக் கால் பாகைக் கட்டங்களாக்கித் தந்திருக்கிறது. ஒரு கட்டம் ஏறக்குறைய 27 கிலோமீட்டர். அவ்வளவு இடத்துக்குள் திருமலையின் உச்சியும் திருப்பதியின் பேருந்து நிலையமும் அருகருகே அடங்கிவிடும். மேலே மேகம் மலையில் மோதிக் கொட்டும் நாளில் கீழே தூறலாக இருக்கலாம். கட்டத்துக்கு ஒரே எண். அதேபோல மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்றுத் தரப் பட்டியலில் “திருமலை, திருப்பதி” என்று ஒரு நிலையம் உண்டு. மலைமேல் காட்டுக் காற்று நடுவே எடுத்த எண்ணைப் பார்த்து, கீழே பேருந்துப் புகையில் நிற்பவரின் நுரையீரலைப் பற்றித் தீர்ப்பு எழுதக் கூடாது. 2003-இல் மெகபூப்நகரில் நிலக்கடலை, ஆமணக்கு உழவர்களுக்கு மழை அளவை வைத்துப் பயிர்க் காப்பீடு சோதித்தார்கள். அன்று முதல் அந்த வகைக் காப்பீட்டின் தீராத தலைவலி இதுவே: மானி இருக்கும் ஊரில் மழை, என் கொல்லையில் இல்லை. திருமலையைச் சூழ்ந்த சேஷாசலக் காட்டில் தானியங்கிக் கேமராவில் ஒரு விலங்கு விழவில்லை என்றாலும் அது அங்கே இல்லை என்று ஆகாது. எத்தனை இரவு, எந்த ஒற்றையடிப் பாதையில் கேமரா இருந்தது என்று கேட்க வேண்டும்.

கருவி சரியாக இல்லாவிட்டால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. அன்னா மாணி சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, பூனாவில் வானிலைத் துறையின் கருவிப் பட்டறையில் நூற்றுக்கு நெருக்கமான வானிலைக் கருவிகளுக்கான வரைபடங்களைத் தரப்படுத்தினார். 1980களின் தொடக்கத்தில் அவர் தொகுத்த சூரியக் கதிர்வீச்சு, காற்று வேகத் தரவுகளின்மேல்தான் இந்நாட்டின் சூரிய மின்சாரமும் காற்றாலை மின்சாரமும் தொடக்கத்தில் எழுந்தன. தரவு ஆய்வாளராக விரும்பும் பெண்பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் அவருடையது.

இந்தத் தொழிலுக்கு வரும் வழி ஒன்று அல்ல. புள்ளியியல், இயற்பியல், கணிதம், கணினி அறிவியல், வேளாண்மை, எதில் பட்டம் பெற்றவரும் வரலாம். திருப்பதியை மட்டும் எடுத்துக்கொண்டாலும் 1954 முதல் இயங்கும் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் இருக்கிறது. 2015-இல் தொடங்கிய ஐ.ஐ.டி.யும் ஐசர் என்ற இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. காதங்கியில் இளநிலை ஆய்வாளர்களாகச் சேர்ந்து முனைவர் பட்டம் முடித்தவர்கள் பலர். ஆர், பைத்தான் என்ற இரண்டு நிரல் மொழிகளும் இலவசம். பழைய மடிக்கணினியே தொடங்கப் போதும். நிரல் எழுத ஆறு மாதத்தில் பழகிவிடலாம். நிகழ்தகவை உடம்பில் ஊறவிட இரண்டு, மூன்று ஆண்டு. ஓர் இடத்தை அறிய அதைவிட அதிகம் ஆகும். ஆகவே கடைசியானதை இன்றே தொடங்குங்கள் என்பேன்.

ஒரு மழைமானி வாங்குங்கள். மரத்துக்கும் சுவருக்கும் விலகி, திறந்த வெளியில் வையுங்கள். எந்தத் தேதியில் எங்கே வைத்தீர்கள், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். தினமும் காலை 8.30-க்குப் பாருங்கள். மழை பெய்யாத நாளில் 0 என்று எழுதுங்கள். ஊருக்குப் போய்விட்ட நாளில் 0 என்று எழுதாதீர்கள், “பார்க்கவில்லை” என்று எழுதுங்கள்.